பாரம் இழுக்கும் குதிரையும் அதைப் பிடிக்கும் கையும்

(கால்நடைத் துறை அலுவலர்களுக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குமான பயிற்சி வகுப்பொன்றில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கால்நடை மருத்துவம் பயின்றவர்களும் பயில்பவர்களும் நிறைந்த இந்த அவையில் குதிரையைப் பற்றிப் பேசுமாறு ஒரு பொருளாதார மாணவனை அழைத்திருக்கிறீர்கள். குதிரையின் உடற்கூறு பற்றியோ நோய்கள் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் பாரம் இழுக்கும் விலங்குகளைப் பற்றிய திட்ட மதிப்பீடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் ஒரு குறை என் கண்ணில் பட்டிருக்கிறது. விலங்கின் விலை மதிப்பீட்டில் வருகிறது. வண்டி, தீவனம், லாடம், மருந்து ஆகியவற்றின் செலவும் வருகிறது. அவ்விலங்கைக் கயிறு பிடித்து நடத்துகிற மனிதனின் திறமை மட்டும் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. அத்திறமைக்கு விலை உண்டு; அது இல்லாமற்போவதால் நேரும் இழப்புக்கும் விலை உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பெரிய குதிரை கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல், பிரான்சின் பெர்ஷெரான், பெல்ஜிய நாட்டுக் குதிரை ஆகியவற்றின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோள் உயரமே ஆறடியை நெருங்கும். எடை 900 கிலோ இருக்கும். சில ஒரு டன்னையும் தாண்டும். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் இயந்திரத்தின் ஆற்றலை வாங்குவோருக்கு விளங்கும்படி சொல்ல, ஆலைகளில் செக்கு மாடுபோல் சுற்றிவந்த குதிரைகளையே அளவுகோலாகக் கொண்டார். நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு என்ற அந்த அளவே இன்றும் நாம் மோட்டார்களுக்குச் சொல்லும் குதிரைத் திறன். நாள் முழுவதும் அந்த அளவுக்கு உழைக்க எல்லாக் குதிரைகளாலும் இயலாது என்பது வேறு விஷயம்; வாட் தாராளமாகவே மதிப்பிட்டுவிட்டார்.

60 கிலோ எடையுள்ள மனிதன் 900 கிலோ எடையுள்ள குதிரையை வலிமையால் நிறுத்த முடியாது. இழுத்துப் பிடித்தால் அவன்தான் இழுபடுவான். ஆகவே பெருங்குதிரைகளைக் கையாண்ட நாடுகளில், உழவரும் வண்டிக்காரரும் வேறு வழியின்றிப் பொறுமையைக் கற்றுக்கொண்டனர். உரக்கக் கத்தாமை, திடீரென அசையாமை, வரிசை மாறாமல் சேணம் பூட்டுதல் ஆகியவை அங்கே தொழில் ஒழுங்காயின. இதனை அவர்களுடைய நல்லெண்ணத்தின் விளைவு என்று மட்டும் நான் கொள்ளவில்லை. குதிரையின் எடை அவர்களை அதற்கு நிர்ப்பந்தித்தது.

நம் நாட்டில் பாரம் இழுப்பவை பெரும்பாலும் 300 கிலோ அளவுள்ள குதிரைகள், மட்டக்குதிரைகள், கோவேறு கழுதைகள். இவற்றை இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்து நிறுத்திவிடலாம், அடித்து நகர்த்திவிடலாம். அதனால் வலிமை செல்லும் என்றொரு மயக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. பெரிய குதிரை மனிதனை உடனே திருத்திவிடுகிறது. சிறிய குதிரையோ அவனுடைய தவற்றைப் பொறுத்துக்கொண்டு, அதன் விலையைச் சிறிது சிறிதாக, தோல் புண்ணாகவும் நொண்டலாகவும் குறைந்த ஆயுளாகவும் செலுத்துகிறது. வண்டிக்காரன் முறிந்த விரலாகவும் உடைந்த விலா எலும்பாகவும் தன் பங்கைச் செலுத்துகிறான். இவ்விரண்டும் யாருடைய கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

நம் நாட்டிலும் பெருநகரங்கள் ஒரு காலத்தில் குதிரைகளின் தோளில் இயங்கின. கல்கத்தாவில் 1873இல் குதிரை டிராம் தொடங்கியது. சில மாதங்களில் நின்று, 1880க்குப் பின் மீண்டும் வந்தது. நூற்றாண்டின் இறுதியில் அந்நகர டிராம் கம்பெனியிடம் ஏறத்தாழ 1,000 குதிரைகள் இருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த வேலர் இனக் குதிரைகள் அவற்றில் மிகுதி. கோடையில் அவை தெருவிலேயே வீழ்ந்தன. 1902இல் மின்சார டிராம் வந்து அந்த அத்தியாயத்தை முடித்தது. பம்பாயில் 1874இல் தொடங்கிய குதிரை டிராம் 1905 வரை ஓடியது. உடல் பெருக்கப் பெருக்க அது வெப்பத்தை வெளியேற்றுவது கடினமாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனால் ஐரோப்பியப் பெருங்குதிரையை இங்கே கொணர்ந்து பெருக்குவது நம் சமவெளிகளுக்கு விடையாகாது. அந்நாட்டார் அதனிடமிருந்து கற்ற ஒழுக்கத்தைக் கொணர்வதற்குத் தட்பவெப்பம் தடையில்லை; கப்பற்கூலியும் இல்லை.

சூளையில் கற்றது

1997ஆம் ஆண்டு. சிறுதொழில்கள் பற்றிய மாதிரி ஆய்வு ஒன்றிற்காக மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு செங்கல் சூளைக்குச் சென்றிருந்தேன். களத்தில் அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லைச் சூளைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அங்கே கோவேறு கழுதை வண்டிகளுடையது. ஒரு வண்டியில் எத்தனை கல் ஏற்றுகிறார்கள் என்று எண்ணுவதற்காக, விலங்கின் பின்புறமாகச் சென்று, கையிலிருந்த அட்டைக் கோப்பை விரித்தேன். மறுகணம் கோப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது. குளம்பு என் கையில் படவில்லை, கோப்பில்தான் பட்டது. நான் உங்கள்முன் நின்று பேசுவதற்கு அந்த இரண்டு அங்குலமே காரணம்.

வண்டிக்குரிய முதியவர் ஓடிவந்தார். விலங்கை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதன் தோளில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "சாஹிப், குற்றம் அதனுடையது இல்லை. நீங்கள் வருவதை அதற்குச் சொல்லாமல் வந்துவிட்டீர்கள்" என்றார். முதுகலைப் பட்டமும் அரசுப் பணியும் இருந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது. அதே களத்தில் மற்ற வண்டிகளை ஓட்டிய இளைஞர்களுக்கோ அது தெரியவில்லை. அவர்கள் கையில் முனை உடைந்த தடிகள் இருந்தன. அவர்களுடைய விலங்குகளின் பின்தொடைகளில் தழும்புகள் இருந்தன.

அச்சத்தில் வாழும் விலங்கு

முதியவர் சொன்னதன் பொருளை நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். குதிரை வேட்டையாடப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதன் தற்காப்பு ஓட்டம்; ஓட வழியில்லாதபோதுதான் உதை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கிறது. பார்வைக்கு எட்டாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்புறம் ஒன்று, நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்குக் கீழுமுள்ள சிறு பகுதி மற்றொன்று. அறியாதவர்கள் குதிரையை அணுகும் வழிகளும் பெரும்பாலும் இவை இரண்டுதான். பின்னாலிருந்து வருகிறார்கள், அல்லது நேர் எதிரே வந்து நெற்றியைத் தடவக் கை நீட்டுகிறார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அதன் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட நேரம் பிடிக்கிறது. நண்பகல் வெயிலிலிருந்து இருண்ட கொட்டகைக்குள் நுழையத் தயங்கும் குதிரையைப் பிடிவாதம் உடையதென்று அடிக்கிறோம். அது நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிரே குழியிருக்கலாம்.

மனிதனின் மனநிலையை அது படிக்கும் திறனும் வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் 'அறிவாளி ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றது. விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரே அறியாமல் எழும் மிக நுண்ணிய அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்திவிடுகிறது. இது தோல்வியுற்ற வித்தை என்று அக்காலத்தில் பலர் கருதினர். எனக்கு அது கணக்கைவிடப் பெரிய திறமையாகத் தோன்றுகிறது. 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், சினங்கொண்ட மனித முகத்தின் படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத்துடிப்பு விரைந்து ஏறியது தெரியவந்தது. ஆகவே உள்ளே கோபத்தை வைத்துக்கொண்டு வெளியே தட்டிக்கொடுப்பவனைக் குதிரை நம்புவதில்லை. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கிரேக்கரான செனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், குதிரையிடம் ஒருபோதும் சினத்தோடு நடந்துகொள்ளலாகாது என்று வலியுறுத்தியிருக்கிறார். அவர் படைத் தலைவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கையாளும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். இவற்றை நான் கண்டுபிடிக்கவில்லை. தொழில் அறிந்தவர்களிடம் கேட்டும், பார்த்தும் தொகுத்தவை.

குதிரையை அதன் தோளை நோக்கிச் சாய்வாக அணுக வேண்டும். அணுகுமுன் குரல் கொடுக்க வேண்டும். எப்போதும் ஒரே குரல், ஒரே சொல். காது உங்கள் பக்கம் திரும்பினால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று பொருள். முதலில் கழுத்திலோ தோளிலோ கை வைத்து, பிறகு அந்தக் கையை உடலிலிருந்து எடுக்காமல் நகர்த்திச் செல்லலாம். பின்புறம் சுற்றிப் போகவேண்டுமானால் இரண்டு தூரங்களே பாதுகாப்பானவை. ஒன்று, உடலோடு உடலாக உரசிச் செல்வது; அவ்வளவு நெருக்கத்தில் உதைக்கு வேகம் கிடைக்காது. மற்றொன்று, நன்றாக விலகி மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் செல்வது. நான் கோப்புடன் நின்ற இடைப்பட்ட தூரமே மிகவும் ஆபத்தானது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்வதும் எளிது, மறப்பதும் எளிது. குதிரை திடுக்கிட்டு ஓடும்போது சுற்றிய கயிறு இறுகுகிறது. விரல் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது. மிச்சக் கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். நடத்திச் செல்லும்போது முன்னால் நின்று இழுக்காமல் தோளுக்கு அருகே பக்கவாட்டில் நடக்க வேண்டும். திருப்பும்போது குதிரையைத் தன்னை நோக்கித் திருப்பாமல் எதிர்ப்புறமாகத் திருப்பினால் அதன் கால் நம் பாதத்தின்மேல் விழாது. கட்டும்போது உறுதியான கம்பத்தில், தோளின் உயரத்தில், ஒரு கை நீளக் கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கால் கட்ட வேண்டும். நீளமாக விட்டால் கால் சிக்கும். கடிவாளத்தைக் கொண்டு கட்டவே கூடாது. குதிரை பின்வாங்கினால் வாய் கிழியும்.

பூட்டும் வரிசையில் தவறு நேர்ந்துதான் பெரிய விபத்துகள் நிகழ்கின்றன. தலைவாரும் கடிவாளமும் மாட்டி லகான் ஒருவர் கைக்கு வந்தபின்பே குதிரையை வண்டியில் பூட்ட வேண்டும். அவிழ்க்கும்போது முதலில் வண்டியிலிருந்து முழுமையாகப் பிரித்து, விலக்கி நிறுத்திய பின்னரே கடிவாளத்தையும் கண்மறைப்பையும் கழற்ற வேண்டும். களைத்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டும் அவசரத்தில், வண்டியோடு நிற்கும்போதே தலைவாரைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை கண்மறைப்புக்குள் இருந்த குதிரை, தன் முதுகுக்குப் பின்னே ஒரு பெரும் உருவம் ஒட்டிக்கொண்டிருப்பதைத் திடீரென்று காண்கிறது, ஓடுகிறது, ஓடஓட அந்த உருவமும் துரத்துகிறது. வாயில் கடிவாளம் இல்லாத குதிரையை நிறுத்த யாராலும் முடியாது.

இரு சக்கர வண்டியில் பாரம் முன்னால் கூடினால் முதுகு நசுங்கும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலெழுந்து நெஞ்சுப்பட்டையைத் தொண்டைக்கு ஏற்றும். பாரம் ஏற்றியதும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

நிற்கும் வண்டியை நகர்த்துவதற்கு, ஓடும் வண்டியை இழுப்பதைவிடப் பன்மடங்கு விசை வேண்டும். நல்ல வண்டிக்காரன் முதலில் இழுவார்களின் தொய்வை எடுக்கவைக்கிறான், குதிரை நெஞ்சுப்பட்டையில் உடலைச் சாய்த்து நிதானமாகத் தள்ளுகிறது, வண்டி நகர்கிறது. அடி வாங்கிய குதிரையோ பாய்ந்து மோதுகிறது; வார் அறுகிறது; தோள் கன்றுகிறது; வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்தப் பாய்ச்சலில் செலவான ஆற்றல் காலையில் தின்ற கொள்ளிலிருந்துதான் வந்தது.

பழக்குவதைப் பற்றி ஒரு சொல். குதிரை இழுப்பால் கற்பதில்லை; இழுப்பு விடுபடும் கணத்தில்தான் கற்கிறது. கயிற்றை இலேசாக இழுக்கிறீர்கள். அது ஓரடி வைக்கிறது. அக்கணமே கயிறு தளர வேண்டும். அடியெடுத்து வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நகர்ந்தாலும் நகராவிட்டாலும் ஒன்றே என்று அது முடிவு செய்துவிடுகிறது. உழைத்தவனுக்குரிய ஊக்கத்தொகையை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கும் அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு இந்தத் தத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கோவேறு கழுதையிடம் கூடுதல் பொறுமை தேவை. தாயான குதிரையிடமிருந்து அது அளவையும் வேகத்தையும் பெற்றது. தந்தையான கழுதையிடமிருந்து எச்சரிக்கையைப் பெற்றது. கழுதை அஞ்சினால் பெரும்பாலும் ஓடுவதில்லை, உறைந்து நிற்கிறது. அச்சத்தால் நிற்பதைத் திமிர் என்று அடித்தால் அச்சம் இரட்டிப்பாகிறது. அது பார்த்து, முகர்ந்து, தீர்மானிக்க அரை நிமிடம் கொடுத்தால் தானே நடக்கிறது.

அந்த அரை நிமிடம் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் என் பாடம் தொடங்குகிறது. சூளையில் வண்டிக்காரனுக்குக் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில். மழைக்காலத்தில் வேலையில்லாதபோது வாங்கிய முன்பணத்தை, மழைக்குப் பின் தொடங்கி அடுத்த மழைக்கு முன் முடியும் பருவத்திற்குள் கழிக்க வேண்டும். விலங்கையும் பெரும்பாலும் கடனில்தான் வாங்கியிருப்பான். தாமதமாகும் ஒவ்வொரு நடையும் அவனுக்குக் கூலி இழப்பு. அவன் கையில் தடியிருப்பதற்கு அவனுடைய மனக்கொடுமை காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட்டு நாம் ஜீப்பில் ஏறிவிடலாம். நான் பார்த்தவரையில், அவனை யாரோ விரட்டுகிறார்கள். அவன் விலங்கை விரட்டுகிறான்.

ஆனால் அந்த விரட்டல் அவனுக்கே நஷ்டம் என்பதைக் கணக்கிட்டுக் காட்ட முடியும். விலங்கு நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடிய இழுவிசை அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 300 கிலோ விலங்குக்கு அது 30 கிலோ. காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி, சமமான தார்ச்சாலையில், மொத்த எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு விசையில் உருளும். 750 கிலோவுக்கு 15 முதல் 23 கிலோ போதும். அதே வண்டியைச் சூளைக் களத்தின் இளகிய மண்ணில் இறக்கினால் தேவை நூற்றுக்கு 10 பங்கையும் தாண்டும். அதாவது 75 கிலோவுக்கு மேல். சாலையில் ஒழுங்காக இழுத்த விலங்கு களத்தில் நின்றுவிடுகிறது. தடி உயர்கிறது. அந்த ஐம்பது மீட்டர் தடத்தில் உடைந்த செங்கல்லைக் கொட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தால் தடிக்கு வேலையே இருந்திராது. செங்கல் சூளையில் உடைந்த செங்கல்லுக்குப் பஞ்சமா என்ன!

தோளில் புண் கண்ட விலங்கு ஒரு வாரம் நிற்கிறது; நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மாதம் நிற்கிறது. உதை வாங்கி முழங்கால் உடைந்த வண்டிக்காரனுக்குப் பருவம் முழுவதும் போகிறது. முன்பணம் மட்டும் நிற்கிறது. அவன் மகன் பள்ளியை விட்டுக் கயிற்றைப் பிடிக்கிறான், அதே அறியாமையோடு. நான் பார்த்த களத்தில் தடி வைத்திருந்த இளைஞர்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்களோ, என் ஆய்வுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சட்டமும் அதன் எல்லையும்

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின்கீழ், பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள் 1965இல் வகுக்கப்பட்டன. குதிரை அல்லது கோவேறு கழுதை இழுக்கும் இரு சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் இருந்தால் 750 கிலோ, இல்லாவிட்டால் 500 கிலோ என்று வரம்பு கட்டின. மட்டக்குதிரைக்கு முறையே 600, 400 கிலோ. முதுகில் சுமப்பதானால் கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கழுதைக்கு 50. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டக் கூடாது. முள் கடிவாளம் கூடாது. நல்ல விதிகள். ஆனால் இவை தராசாலும் கடிகாரத்தாலும் அளக்கக்கூடியவற்றை மட்டுமே அளக்கின்றன. சற்று முன் சொன்ன 750 கிலோ தார்ச்சாலையிலும் 750தான், சேற்றிலும் 750தான். கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று விதி சொல்லாது, சொல்லவும் முடியாது. மூலச் சட்டம் முதல் குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. அதைக் கண்டு அஞ்சுவார் யார்? மாறாக விலங்கையே பறிமுதல் செய்தாலோ, ஒரு குடும்பத்தின் முழு மூலதனமும் போய்விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அலுவலருக்கு உள்ள கருவி ஒன்றே: கற்றுக்கொடுத்தல்.

அறிவு இல்லாததால் மூலதனம் அழிந்ததற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் அங்கே இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றுள் மிகப் பல ஆண்டு முடியுமுன் மடிந்ததையும் குறித்திருக்கிறார். லாடம் கட்டுவோரும் குதிரை வைத்தியரும் அந்நாட்டுக்குப் போகாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பலுக்குச் சந்தை! பாண்டியன் கருவூலம் குதிரைக்குப் பொன்னைக் கொட்டியது. குதிரைக்காரனின் பயிற்சிக்குக் கொட்டவில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதற்கு நேர்மாறானது. குதிரைகளுக்கென ஓர் அதிகாரியை வைத்து, ஒவ்வொன்றின் இனம், வயது, நிறம், குறி ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்வதோடு, தீவனத்தையும் பழக்கும் முறையையும் விரிவாகப் பேசுகிறது.

செய்யத்தக்கவை

விலங்குகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2012ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 6.25 லட்சம், 2019இல் 3.4 லட்சம். கோவேறு கழுதைகள் 1.96 லட்சத்திலிருந்து 84,000க்கு இறங்கின. டிராக்டரும் மூன்று சக்கர மோட்டார் வண்டியும் வந்தன. நகரங்கள் குதிரை வண்டிகளை விலக்கின. 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விக்டோரியா வண்டிகளுக்கு முடிவு கட்டியது. எஞ்சியிருப்பவை எங்கே இருக்கின்றன என்பதே கேள்வி. மோட்டார் செல்ல முடியாத, அல்லது மோட்டாருக்குக் கட்டுப்படியாகாத மிகக் கடினமான இடங்களில்: சூளைகளில், கௌரிகுண்டத்திலிருந்து கேதார்நாத் செல்லும் சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதையில், எல்லையோரச் சிகரங்களுக்கு ராணுவம் பொருள் கொண்டுசெல்லும் வழிகளில். இவற்றுள் ராணுவத்தில் விலங்கைப் பிடிக்கும் வீரனுக்கு முறையான பயிற்சி உண்டு. சூளைக்காரனுக்கும் யாத்திரைப் பாதையின் குதிரைக்காரனுக்கும் அப்படி ஒரு பயிற்சியை அவன் தொழிலின் நிபந்தனையாக்கி, அதன் செலவை நாமே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. எண்ணிக்கை குறையும்போது தொழிலறிவு அதைவிட வேகமாகக் குறைகிறது. தந்தையிடமிருந்து கற்றவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள்; பருவத்திற்கு மட்டும் கூலிக்குக் கயிறு பிடிக்கும் இளைஞர்கள் யாரிடமும் கற்றதில்லை.

1980களின் நடுவில் ஹிசாரில் அமைந்த தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நோய்த் தடுப்பிலும் இனப்பெருக்கத்திலும் பணியாற்றி வருகிறது. 2024இல் தேசியக் கால்நடை இயக்கம் திருத்தப்பட்டபோது, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றில் தொழில் முனைவோருக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் இன்னும் பிறக்காத குதிரைக்கு 50 லட்சம் வரை தர முடிகிற நாம், இன்று களத்தில் நிற்கும் குதிரையைப் பிடித்திருப்பவனுக்கு மூன்று நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்து உட்காரவைக்க முடியாதா? கூலியை அவசியம் சேர்த்துச் சொல்கிறேன். கூலியில்லாத பயிற்சிக்கு வருகைப் பதிவேட்டில் மட்டுமே ஆட்கள் இருப்பார்கள்.

ஆசிரியருக்கும் நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு சூளைத் தொகுதியிலும், ஒவ்வொரு மலைப்பாதையிலும் நான் சந்தித்ததைப் போன்ற முதியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது எளிது. அவருடைய விலங்கின் தோளில் புண் இராது. அவருக்கு மதிப்பூதியம் வழங்கக் கல்வித் தகுதி கேட்கும் விதியை மட்டும் தளர்த்த வேண்டியிருக்கும். அந்தக் கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆயினும் உங்களில் சிலராவது அதைத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.

என் நேரம் முடிந்தது. வெளியே லாயத்தில் இரண்டு கோவேறு கழுதைகளும் ஒரு மட்டக்குதிரையும் உங்களுக்காக நிற்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் பெரியவர் அடுத்த ஒரு மணி நேரத்தை நடத்துவார். கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள். கோப்புகளையும் குடைகளையும் இந்த மேசையிலேயே வைத்துவிட்டு, ஐந்தைந்து பேராக வாருங்கள்.